டிரான்ஸ்ஃபர் கேஸ் மாற்றிய பிறகு ஃபோர் வீல் விளக்கு அணையவில்லை: வண்டியை யாரிடம் விடுவது?

எஞ்சினின் விசையை முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பெட்டிதான் டிரான்ஸ்ஃபர் கேஸ். அந்தப் பெட்டி மாற்றி வண்டி கைக்கு வந்த மறுநாள் காலை. சாவியைத் திருப்பினால் மீட்டர் போர்டில் ஃபோர் வீல் விளக்கு விட்டு விட்டு எரிகிறது. குமிழைத் திருப்பினால் கீழே மோட்டார் சத்தமே இல்லை. சிலருக்கு ஸ்பீடோமீட்டர் முள் படுத்துவிடுகிறது, சிலருக்கு ஏபிஎஸ் விளக்கு எரிகிறது, சிலருக்கு ஒரே ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகிறது. மாற்றிய மெக்கானிக்கைக் கேட்டால், "நான் பெட்டியைத்தான் மாத்தினேன், கரண்ட் வேலை எனக்குத் தெரியாது" என்கிறார். எலக்ட்ரீஷியனிடம் போனால், "பெட்டிக்குள்ளதான் ஏதோ கோளாறு" என்கிறார். வண்டிக்காரர் நடுவில் நிற்கிறார்.

எங்கள் கோத்தகிரிப் பக்கம் இந்தக் கேள்வி ஐப்பசி, கார்த்திகையில்தான் அதிகம் வரும். வடகிழக்குப் பருவமழையில் தோட்டத்து மண்பாதை குழைந்த பிறகுதான் பலரும் ஃபோர் வீலை முதல்முறையாகப் போட்டுப் பார்க்கிறார்கள். பெட்டி மாற்றி இரண்டு மாதம் ஆகியிருக்கும். மாற்றியவருக்கு வேலையே மறந்திருக்கும். இலை மூட்டை ஏற்ற வேண்டிய நேரத்தில், வண்டியை எங்கே கொண்டுபோய் விடுவது என்று யோசித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது.

கையில் ஐந்து வழிகள் உண்டு: நாமே மீட்டர் வைத்துப் பார்ப்பது, மாற்றிய மெக்கானிக்கிடமே திரும்பப் போவது, தனியாகக் கடை வைத்திருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன், கம்பெனி சர்வீஸ் சென்டர், சந்தேகப்படும் பாகத்தை மாற்றிப் பார்ப்பது. இவற்றில் தவறான வரிசையில் போய்ப் பணம் இழந்தவன் நான். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது?

லேபர் எவ்வளவு என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் அதைக் கடைசியில் வைப்பேன். முதல் கேள்வி, இந்த வழி காரணத்தைப் பிடிக்குமா, விளக்கை மட்டும் அணைத்துவிடுமா என்பது. எரிகிற விளக்கின் வயரை வெட்டிவிட்டாலும் விளக்கு அணையத்தான் செய்யும்.

இரண்டாவது, வேலை முடிந்ததும் வயரிங் கம்பெனியில் வந்த மாதிரி இருக்குமா, ஒட்டுப் போட்டதாக இருக்குமா? பெட்டி இருக்கும் இடம் வண்டியின் அடிவயிறு. சேறு, தண்ணீர், சைலன்சர் சூடு எல்லாமே அங்கேதான். மேலே டேஷ்போர்டுக்குள் பத்து வருஷம் தாங்கும் ஒட்டு இங்கே ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

மூன்றாவது, வண்டி எத்தனை நாள் நிற்கும், அதுவரை ஓட்டலாமா என்பது. நான்காவது, மறுபடி கோளாறு வந்தால் யார் பொறுப்பு, பில் இருக்கிறதா என்பது. இவற்றுக்கெல்லாம் பிறகுதான் ரூபாய்.

## பெட்டியை இறக்கும்போது எதெல்லாம் கலைகிறது?

எந்த வழியில் போவது என்பதை இதைத் தெரிந்துகொண்டுதான் முடிவு செய்ய முடியும். நேற்று வரை இல்லாத கோளாறு இன்று வந்திருந்தால், நேற்று கைபட்ட இடத்தில்தான் முதலில் தேட வேண்டும். ஒரே நாளில் கம்ப்யூட்டர் தானாகக் கெட்டுப்போவது அபூர்வம். வயர்களை இணைக்கும் கப்ளர் சரியாக உட்காராமல் போவது அன்றாடம் நடப்பது.

உங்கள் வண்டி எந்த வகை என்று முதலில் பாருங்கள். ஜிப்சி, தார், ஜிம்னி போலத் தனி லீவர் உள்ள வண்டியில் பெட்டியோடு சேர்ந்த மின்வேலை குறைவு. ஃபோர் வீல் விளக்குக்கு ஒன்றிரண்டு சுவிட்ச், சில மாடல்களில் ஸ்பீட் சென்சார், அவ்வளவுதான். ஸ்கார்ப்பியோ-என், இசுசு வி-கிராஸ், இரண்டாம் தலைமுறை ஃபார்ச்சூனர் போல சுவிட்சிலோ குமிழிலோ மாற்றும் வண்டி வேறு கதை. பெட்டியின் மேல் ஒரு மோட்டார் இருக்கும். எந்த நிலையில் நிற்கிறோம் என்பதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் பொசிஷன் சென்சார் அதனுடனேயே இருக்கும். இவற்றுக்கென்று ஒரு கட்டுப்பாட்டு யூனிட்டும் உண்டு. கிளட்ச் சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச் சிக்னலும் இதில் சேரும். டூ-ஹை என்பது இரண்டு சக்கரத்தில் சாதாரண ஓட்டம், ஃபோர்-ஹை நான்கு சக்கரத்தில் அதே வேகம், ஃபோர்-லோ நான்கு சக்கரத்தில் மெதுவான, இழுவை கூடிய நிலை. ஃபோர்-லோ விழ வண்டி நின்றிருக்க வேண்டும், நியூட்ரலில் இருக்க வேண்டும். அந்தச் சிக்னல் வராவிட்டால், எதுவுமே கெடாமலிருந்தும் ஃபோர்-லோ விழாது.

பெட்டியை இறக்கி ஏற்றும்போது நடப்பவை பெரும்பாலும் இவைதான்:

எர்த். கியர்பாக்ஸிலிருந்தோ பெட்டியிலிருந்தோ சேசிஸுக்குப் போகும் பின்னல் எர்த் கேபிளைக் கழற்றித்தான் பெட்டியை இறக்க வேண்டியிருக்கும். திரும்பப் போட மறந்துவிடலாம், அல்லது பெயின்ட் மேலேயே போட்டு முறுக்கிவிடலாம். பழைய பெட்டிகளை விற்பவர்கள் பார்வைக்காகச் சில்வர் பெயின்ட் அடித்துத் தருவது வழக்கம். எர்த் சரியில்லையென்றால், ஸ்டார்ட்டர் இழுக்கும் பெரும் கரண்ட் ஹேண்ட்பிரேக் கேபிள், கிளட்ச் கேபிள் போன்ற மெல்லிய உலோகம் வழியாகத் திரும்ப முயலும். ஸ்டார்ட் செய்யும்போது கேபிள் சுடுகிறதா, விளக்குகள் மங்குகின்றனவா, ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றுகிறதா? அப்படியென்றால் முதல் சந்தேகம் எர்த்தின் மேல்தான் வர வேண்டும்.

கப்ளர் இடம் மாறுவது. ஒரே மாதிரி இரண்டு பின் கப்ளர்கள் அடுத்தடுத்து இருக்கும். ரிவர்ஸ் விளக்கு சுவிட்சின் கப்ளரும் ஃபோர் வீல் சுவிட்சின் கப்ளரும் மாறிப்போனால், ரிவர்ஸ் போடும்போதெல்லாம் ஃபோர் வீல் விளக்கு எரியும். பார்ப்பதற்குப் பயமாக இருக்கும், தீர்ப்பதற்கு இரண்டு நிமிஷம்.

பின் உள்வாங்குவது. கப்ளர் மூடித்தான் இருக்கும், 'டிக்' சத்தமும் கேட்டிருக்கும். உள்ளே ஒரு பின் மட்டும் பின்னால் நழுவியிருக்கும். இதை வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

வயர் நசுங்குவது. பெட்டிக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் நடுவில், அல்லது ஒரு போல்ட் தலைக்கு அடியில் வயர் மாட்டிக்கொள்ளும். கிளிப் போடாமல் தொங்கவிட்ட வயர் சைலன்சரில் பட்டு உருகும். ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

மோட்டாரும் பெட்டியும் வேறு வேறு நிலையில் இருப்பது. குமிழ் வகை வண்டிகளில் பழைய பெட்டி வாங்கிப் போடும்போது இதுதான் பெரிய தலைவலி. மோட்டார் திருப்பும் பெட்டியின் தண்டு ஃபோர்-ஹையில் நிற்க, மோட்டார் டூ-ஹையில் நிற்கும்போது இரண்டையும் இணைத்துவிட்டால், கம்ப்யூட்டர் கேட்பது ஒன்று, பெட்டி செய்வது வேறொன்று. வேறு மாடல் வண்டியின் மோட்டார் என்றால் பொசிஷன் சென்சாரின் கணக்கே பொருந்தாமல் போகலாம்.

ஸ்பீட் சென்சார் பொருந்தாமை. முள் அசையவே இல்லையென்றாலும், நடுங்கினாலும் வயரைப் பாருங்கள். ஜிபிஎஸ் 40 காட்டும்போது மீட்டர் 48, 60 காட்டும்போது 72 என்று ஒரே விகிதத்தில் பிசகினால் வயரில் குறையில்லை. வாங்கிய பெட்டியின் ஸ்பீடோ பல்சக்கரத்தில் பல் எண்ணிக்கை வேறு.

## நாமே மீட்டர் வைத்துப் பார்ப்பது

சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் மல்டிமீட்டர் கிடைக்கிறது. அதோடு ஒரு டார்ச், உப்புத்தாள், கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே போதும். காரணத்தைப் பிடிக்குமா என்ற கேள்வியில், மேலே சொன்னவற்றில் எர்த், கப்ளர், நசுங்கிய வயர் மூன்றுக்கும் இந்த வழி நன்றாகவே பிடிக்கும்.

பேட்டரியில் தொடங்குங்கள். இரவு நின்ற வண்டியில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். 12-க்குக் கீழ் இருந்தால் கம்ப்யூட்டர்கள் கண்டபடி விளக்கு எரியவிடும், அதை நம்பி எதையும் தேடாதீர்கள். அடுத்தது எர்த். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையைக் கியர்பாக்ஸின் வெறும் உலோகத்திலும் வைத்து, இன்னொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் கேபிளைக் கழற்றி, உலோகம் பளபளக்கும் வரை சுரண்டி, திரும்ப முறுக்க வேண்டும்.

அடுத்தது கப்ளர். சாவியை எடுத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். பச்சைக் களிம்பு, எண்ணெய்ப் பிசுக்கு, மற்றவற்றைவிட உள்ளே போன பின் மூன்றையும் தேடுங்கள். மஞ்சள் கப்ளர் ஏர்பேகுக்கு உரியது, அதை மட்டும் தொடாதீர்கள்.

குமிழ் வகை வண்டி என்றால் இன்னொரு சோதனை முழு வழக்கையுமே இரண்டாகப் பிரித்துவிடும். பேட்டரியைத் திரும்ப மாட்டி, மோட்டார் கப்ளரையும் மூடி, மோட்டாருக்குப் போகும் இரண்டு தடித்த வயர்களில் கப்ளரின் பின்பக்கமாக மெல்லிய முனைகளை வைத்து வோல்ட் பாருங்கள். ஒருவர் குமிழை டூ-ஹையிலிருந்து ஃபோர்-ஹைக்குத் திருப்பட்டும். ஓரிரு விநாடி 12 வோல்ட் அளவில் வந்து போனால் மேலிருந்து உத்தரவு இறங்குகிறது, கோளாறு மோட்டாரிலோ பெட்டியிலோ இருக்கிறது. எதுவுமே வராவிட்டால் கோளாறு மேலே வயரில், ஃபியூஸில், சிக்னலில் அல்லது யூனிட்டில். மெக்கானிக்கிடம் போவதா, எலக்ட்ரீஷியனிடம் போவதா என்ற கேள்விக்கு இந்த ஒரு அளவே பாதி பதிலைத் தந்துவிடும்.

இதில் மறைந்திருக்கும் செலவு பாதுகாப்பு. பெட்டி ஃபோர்-ஹையிலிருந்து ஃபோர்-லோவுக்கு மாறும்போது இடையில் நியூட்ரலைக் கடந்து போகும். அந்த நேரத்தில் வண்டி கியரில் இருந்தாலும் சக்கரத்துக்குப் பிடிப்பு இல்லை. எங்கள் மலையில் சமதரை கிடைப்பதே அரிது. நான்கு சக்கரத்துக்கும் கட்டை வைக்காமல் அடியில் படுக்கவே கூடாது. இலங்கை மலையகத்தில் பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை: அந்த வண்டியில் ஹேண்ட்பிரேக் பின் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் பாக்ஸின் பின்பக்கத்தில் இருக்கிறது. பின் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றினால் ஹேண்ட்பிரேக்கும் போய்விடும்.

ஃபியூஸ் விஷயத்திலும் கண்டிப்பாக இருங்கள். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. நீலம் போகிறதே என்று மஞ்சளைச் சொருகினால் அடுத்து எரிவது வயராக இருக்கும்.

கப்ளரைக் கழற்றி மாட்டப் பயமில்லாதவர்களுக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்க முடிந்தவர்களுக்கு இதுதான் முதல் வழி. வண்டிக்கு அடியில் படுக்க முடியாத வயதோ உடல்நிலையோ இருந்தால் தயங்காமல் அடுத்த வழிக்குப் போய்விடுங்கள்.

## மாற்றிய மெக்கானிக்கிடமே திரும்பப் போவது

நியாயப்படி முதலில் கேட்கப்பட வேண்டியவர் அவர்தான். எந்த கப்ளரைக் கழற்றினார், மோட்டாரைப் பெட்டியோடு சேர்த்தே இறக்கினாரா, எர்த்தை எந்த போல்ட்டில் போட்டார் என்பதெல்லாம் அவர் கைக்குத்தான் தெரியும். மோட்டார் நிலை பொருந்தாத கோளாறுக்கு அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை. மோட்டாரை இறக்கி, தண்டைக் கையால் டூ-ஹைக்குக் கொண்டுவந்து, மோட்டாரையும் அதே நிலைக்குத் திருப்பி மாட்டுவது முழுக்க மெக்கானிக்கல் வேலை.

சிக்கல் என்னவென்றால், தன் வேலையில் குறை இருக்கும் என்று யாரும் முதலில் நம்ப மாட்டார்கள். "பெட்டி விற்றவன் ஏமாத்திட்டான்" என்று பேச்சு திரும்பிவிட்டால் பெட்டியை இறக்கி, இன்னொன்றைத் தேடி, திரும்ப ஏற்றி, பத்து நாள் போய்விடும். லேபர் வாங்கவில்லை என்றாலும் அந்தப் பத்து நாளுக்கு வாடகை வண்டி நீங்கள்தான் பிடிக்க வேண்டும்.

போகும்போது "ஃபோர் வீல் வேலை செய்யல" என்று மட்டும் சொல்லாதீர்கள். "ரிவர்ஸ் போட்டா ஃபோர் வீல் லைட் எரியுதுங்கண்ணா, அந்த ரெண்டு கப்ளரை மட்டும் பார்த்துருங்க" என்று சொன்னால் நின்றபடியே சரிசெய்து கொடுத்துவிடுவார். கோளாறு பெட்டி மாற்றிய சில நாளுக்குள் வந்திருந்தால், அவர் பில்லோ வாரண்டியோ கொடுத்திருந்தால் இந்த வழி சரி. ஃபியூஸ் போகிறது, ஏபிஎஸ் விளக்கு எரிகிறது என்றால் அவரிடம் நேரம் செலவழிக்காதீர்கள். நசுங்கிய வயரைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடிந்தால் தவிர அவரால் அதைப் பிடிக்க முடியாது.

## ஆட்டோ எலக்ட்ரீஷியன்

நல்ல கைகாரர் கிடைத்தால் இந்த வேலைக்கு இவருக்கு நிகர் யாரும் இல்லை. டெஸ்ட் லைட்டை வைத்துக்கொண்டு ஃபியூஸ் பெட்டியிலிருந்து ஒவ்வொரு கணுவாக இறங்கி வந்து, வயர் எங்கே அறுந்திருக்கிறது என்று அரை மணியில் சொல்லிவிடுவார்கள். ஒரு முழு வயரிங் செட்டை மாற்ற வேண்டிய இடத்தில் ஒற்றை வயரை மாற்றித் தருவார்கள். மலையில், சிறு ஊர்களில், வண்டி இறங்கிப் போக முடியாத நிலையில் இவர்கள்தான் கடைக்கு வெளியே வந்தும் பார்ப்பார்கள்.

ஆனால் எல்லோரும் அப்படி இல்லை. யூனிட் உத்தரவு கொடுக்கவில்லை என்று தெரிந்ததும், பேட்டரியிலிருந்து நேராக ஒரு வயர் இழுத்து, டேஷ்போர்டில் தனி சுவிட்ச் வைத்து மோட்டாரை நேரடியாகச் சுற்றவிடும் ஆட்களும் உண்டு. இதற்கு மட்டும் ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபோர்-லோ விழாமல் தடுப்பது அந்த யூனிட்தான். அதைத் தாண்டிப் போகும் சுவிட்சில் தெரியாமல் கை பட்டால் பெட்டியின் பற்கள் நொறுங்கும், இறக்கத்தில் வண்டி நியூட்ரலில் விழவும் வாய்ப்பு உண்டு. பிற்காலத்தில் தீ விபத்து என்று இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் போட்டாலும் வெளி வயரிங்கைக் காட்டிக் கேள்வி வரும்.

எலக்ட்ரீஷியனை எடைபோட எனக்கு ஒரு வழி உண்டு. "ஒட்டுப் போட்டா எப்படிப் போடுவீங்க?" என்று கேட்பேன். முறுக்கி டேப் சுற்றுவேன் என்றால் நன்றி சொல்லி வந்துவிடுவேன். சால்டர் வைத்தோ கிரிம்ப் செய்தோ, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் உறை) போட்டு, கிளிப்பில் கட்டுவேன் என்றால் சாவியைக் கொடுத்துவிடலாம். ஃபியூஸ் போவது, ரிவர்ஸ் விளக்கும் ஸ்பீடோவும் சேர்ந்து போவது, மழை வந்தால் மட்டும் வரும் கோளாறு மூன்றுக்கும் இவர்தான் சரி.

## கம்பெனி சர்வீஸ் சென்டர்

இங்கேதான் கம்பெனி ஸ்கேனர் இருக்கிறது. போனில் இணைக்கும் மலிவான புளூடூத் கருவி பெரும்பாலும் எஞ்சினின் கோளாறு எண்களை, அதாவது 'கோடு'களை, மட்டும்தான் படிக்கும். ஃபோர் வீல் யூனிட், ஏபிஎஸ் யூனிட் இரண்டுக்குள்ளும் அது நுழையாது. கம்பெனி ஸ்கேனரோ எல்லா யூனிட்டின் கோளாறு எண்ணையும் படிப்பதோடு, குமிழின் சிக்னல், மோட்டாரின் நிலை, கிளட்ச் சுவிட்ச் எல்லாவற்றையும் ஓடும்போதே திரையில் காட்டும். மாற்றிய யூனிட்டை அந்த வண்டிக்கு எழுதிப் பழக்கவும் சில மாடல்களில் இது இல்லாமல் முடியாது.

ஃபோர்-லோவில் இருப்பதாகக் கம்ப்யூட்டர் தவறாக நினைத்துக்கொண்டால், தார் ரோட்டில் டூ-ஹையில் ஓடும்போதே ஈஎஸ்பி (வண்டி சறுக்காமல் காக்கும் அமைப்பு) ஆஃப் விளக்கு எரியும். விளக்கைப் பார்த்து பிரேக் சென்சாரைத் தேடி அலைவோம். பிசகு பெட்டியின் நிலைச் சிக்னலில் இருக்கும். இதைத் திரையில் பார்த்தால் ஒரு நிமிஷ வேலை, மீட்டரில் பிடிக்க ஒரு நாள் ஆகும்.

செலவு பில்லில் மட்டும் இல்லை. வெளியில் வாங்கிய பழைய பெட்டி என்றதும் பல இடங்களில் கை வைக்கத் தயங்குவார்கள். தயங்காதவர்களும் ஒரு வயரைப் பழுதுபார்ப்பதில்லை, முழு வயரிங் செட், முழு மோட்டார் என்றுதான் எஸ்டிமேட் போடுவார்கள். அது அவர்கள் முறை, அதில் குற்றம் இல்லை. ஒட்டுப் போட்ட வயரிங்கில் அவர்களால் உத்தரவாதம் தர முடியாது. எங்களைப் போன்றவர்களுக்கு இன்னொன்றும் சேரும்: குஞ்சப்பனை வழியாக மேட்டுப்பாளையம் இறங்கி, கோவை போய், பாகம் வரும் வரை வண்டியை விட்டு, பஸ்ஸில் ஏறி வர வேண்டும்.

பல விளக்குகள் ஒன்றாக எரிவது, யூனிட்டுகள் ஒன்றோடொன்று பேசவில்லை என்று தெரிவது, வண்டி வாரண்டியில் இருப்பது ஆகிய மூன்று நிலையிலும் வேறு எங்கும் போக வேண்டாம், நேராக இங்கே வந்துவிடுங்கள். மீட்டர் பழகியவர்கள் போகும் முன் ஒன்று செய்யலாம். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் 6-ஆவது, 14-ஆவது பின்களுக்கு நடுவே மின்தடையை ஓம் அளவில் பாருங்கள். 60 அளவில் இருந்தால் யூனிட்டுகள் பேசிக்கொள்ளும் தகவல் கம்பி ஜோடி முழுதாக இருக்கிறது. 120 என்றால் ஒரு முனை எங்கோ விட்டுப்போயிருக்கிறது. பூஜ்யத்துக்குப் பக்கம் என்றால் இரண்டு கம்பிகளும் ஒன்றோடொன்று உரசுகின்றன. பெட்டி ஏற்றும்போது நசுங்கிய வயரைத் தேட இது நல்ல துப்பு.

## பாகத்தை மாற்றிப் பார்ப்பது

மோட்டாரை மாற்று, சரியாகவில்லையா, சென்சாரை மாற்று, அதற்கும் மேல் யூனிட்டை மாற்று. மின்பாகங்களைப் பொதுவாகக் கடைகள் திரும்ப எடுப்பதில்லை என்பதால் ஒவ்வொரு தவறான யூகமும் முழு நஷ்டம். எடைபோடும் எல்லாக் கேள்வியிலும் இந்த வழி தோற்கிறது.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் பழைய பெட்டி பல் உடைந்தோ பேரிங் போயோ மாற்றப்பட்டிருந்தால், அதன் மேல் இருந்த மோட்டார், ஸ்பீட் சென்சார், சுவிட்ச் எல்லாம் கடைசி நாள் வரை வேலை செய்தவை, உங்கள் வண்டிக்கே உரியவை. அவற்றை வந்த பெட்டிக்கு மாற்றிப் பார்க்க ஒரு ரூபாய் பாகச் செலவு இல்லை. சென்னை புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் வாங்கினாலும் சரி, வேறெங்கு வாங்கினாலும் சரி, பழைய பெட்டியை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும் முன் மேலே இருப்பதை எல்லாம் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | காரணத்தைப் பிடிக்குமா? | மறைந்திருக்கும் செலவு | எந்த அறிகுறிக்கு இது சரி |
|---|---|---|---|
| நாமே மீட்டரில் | எர்த், கப்ளர், நசுங்கிய வயர் வரை நன்றாக | ஒரு நாள் உழைப்பு, அடியில் படுக்கும் ஆபத்து | சோம்பல் ஸ்டார்ட்டர், கப்ளர் மாறிய அறிகுறிகள் |
| மாற்றிய மெக்கானிக் | மோட்டார் நிலை, பல் எண்ணிக்கை | பழியைப் பெட்டி மேல் போட்டு நாள் கடத்துவது | உத்தரவு இறங்கியும் பெட்டி மாறாதது, ஸ்பீடோ ஒரே விகிதத்தில் பிசகுவது |
| ஆட்டோ எலக்ட்ரீஷியன் | வயர் கோளாறுகள் எல்லாம் | மோசமான ஒட்டு, நேரடி சுவிட்ச் | ஃபியூஸ் போவது, மழைக்கு மட்டும் வருவது, உத்தரவே இறங்காதது |
| சர்வீஸ் சென்டர் | யூனிட், சிக்னல், கோடு | முழு செட் எஸ்டிமேட், காத்திருப்பு, போக்குவரத்து | ஏபிஎஸ், ஈஎஸ்பி விளக்குகள் சேர்ந்து எரிவது |
| பாகம் மாற்றுவது | யூகம்தான் | ஒவ்வொரு யூகத்துக்கும் முழு விலை | பழைய பெட்டியின் சொந்தப் பாகம் கையில் இருந்தால் மட்டும் |

## முடிவு எடுக்கும் வரை ஓட்டலாமா?

பெட்டி உண்மையிலேயே டூ-ஹையில் நிற்கிறது என்று உறுதியானால், ஃபோர் வீலைத் தொடாமல் தார் ரோட்டில் ஓட்டலாம். விளக்கை நம்பி அந்த முடிவுக்கு வராதீர்கள், கோளாறே விளக்கில்தான் இருக்கிறது. காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வண்டி யாரோ பிடித்து இழுப்பது போல முரண்டு பிடித்தால், முன் சக்கரங்கள் துள்ளினால் பெட்டி ஃபோர்-ஹையிலேயே மாட்டியிருக்கிறது. அந்த நிலையில் காய்ந்த தார் ரோட்டில் ஓட்டினால் டயரும் ஷாஃப்டும் பெட்டியும் சேர்ந்து கெடும். எப்போதும் நான்கு சக்கரத்திலும் விசை போகும் டிஃபெண்டர் போன்ற வண்டிகளுக்கு இந்தக் கணக்கு வேறு. அங்கே முன் பக்கத்தையும் பின் பக்கத்தையும் ஒரே வேகத்தில் பூட்டும் டிஃப் லாக் விழுந்திருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். எர்த் சந்தேகம் இருந்தாலோ, ஃபியூஸ் போய்க்கொண்டிருந்தாலோ எந்த வண்டியையும் ஓட்ட வேண்டாம்.

## என் வண்டியில் நடந்தது

குமிழ் வகை பிக்கப். பழைய பெட்டி வாங்கி ஒரு மெக்கானிக் மாற்றினார். மறுநாளே ஃபோர் வீல் விளக்கு விட்டு விட்டு எரிந்தது, காலையில் ஸ்டார்ட்டரும் இழுத்து இழுத்துச் சுற்றியது. இரண்டையும் நான் சேர்த்து யோசிக்கவில்லை. குளிருக்கு பேட்டரி படுத்துவிட்டது என்று பேட்டரியை மாற்றினேன், மோட்டார் போய்விட்டது என்று யாரோ சொன்னதைக் கேட்டு மோட்டாரையும் வாங்கினேன். இரண்டும் வீண். விளக்கு அப்படியே இருந்தது.

கடைசியில் எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்தார். ஸ்கேனர் எதுவும் கொண்டு வரவில்லை. கியர்பாக்ஸில் மீட்டர் முனையை வைத்து என்னை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். 0.9 காட்டியது. அடியில் போய் எர்த் போல்ட்டைக் கழற்றி எடுத்து என் கையில் வைத்தார். வளையத்தின் முகத்தில் சில்வர் பெயின்ட் அப்படியே அச்சாகப் பதிந்திருந்தது.

"பெயின்ட் மேல எர்த்தக் கடிச்சா எப்படித் தம்பி பிடிக்கும்?" என்றார்.

சுரண்டி மாட்டியதும் 0.1. ஸ்டார்ட்டர் ஒரே சுற்றில் பிடித்தது. விளக்கு மட்டும் இன்னும் விட்டு விட்டு எரிந்தது. குமிழைத் திருப்பி மோட்டார் வயரில் பார்த்தார், வோல்ட் வந்து போனது. "இதுக்கு மேல என் வேலை இல்ல, மோட்டாரை இறக்கி நிலை பார்க்கணும், மாத்துனவர்கிட்டயே போங்க" என்று சொல்லிவிட்டு, அந்த அளவுகளை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சீட்டைக் காட்டியதும் மெக்கானிக் மறுபேச்சு பேசவில்லை. மோட்டாரை இறக்கினார், தண்டு ஃபோர்-ஹையில் நின்றிருந்தது. டூ-ஹைக்குத் திருப்பி, மோட்டாரையும் அந்த நிலைக்குக் கொண்டுவந்து மாட்டினார். நான் வாங்கியிருந்த மோட்டாரை அல்ல, பெட்டியோடு வந்ததையேதான். ஒன்றரை மணி நேரம் ஆனது. சாவியைத் திருப்பியதும் விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்தது.